கிளம்ப மறுக்கும் உழவு இயந்திரம்



கப்பல்துறை என்னும் பெயரைக் கேட்டவுடன் பாய்மரங்களும் நங்கூரங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில், கண்டி வீதியில் அமைந்த அவ்வூரின் பெயரிலே கடல் இருக்கின்றது. ஆயினும், அவ்வீதி வழியே மேலும் சென்றால் நாம் காண்பது கடலன்று. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்வெளிகளேயாம். அங்கே சேற்றிலும் மணலிலும், வரப்பிலும் மேட்டிலும் செல்லவல்ல வேறொரு கப்பல் உண்டு. இரண்டு சில்லுகளையுடைய கை உழவு இயந்திரமே அது.

நம் நாட்டில் இதனை லாண்ட்மாஸ்டர் என்று அழைக்கிறோம். ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவகை இயந்திரத்துக்கு மட்டும் உரிய பெயர் அது. இன்று எந்த நாட்டிற் செய்யப்பட்டதாயினும் அதே பெயரால் வழங்குகின்றது. மேல்நாடுகளில், நான்கு பருத்த சில்லுகளும் மோட்டார் சைக்கிளுக்குரிய கைப்பிடியும் கொண்டு காடு மேடெல்லாம் ஓடும் வண்டிகள் 1980 ஆம் ஆண்டுகளிலிருந்து பெருகின. நம் கமக்காரருக்கு அவ்வேலையை லாண்ட்மாஸ்டரே செய்து தருகின்றது. காலையில் உழுகிறது, மாலையில் பெட்டியைப் பூட்டினால் நெல்லையும் விறகையும் சுமக்கிறது.

இத்தகைய இயந்திரம் ஒருநாட் காலையில் கிளம்ப மறுத்தால் என்ன செய்வது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இதிலே தங்கியிருப்பது சிறிய காரியமன்று. ஐப்பசியிலே மழை விழுகின்றது. பெரும்போகத்துக்கு நிலம் பதமாகின்றது. மண்ணின் ஈரம் யாருக்காகவும் காத்திராது. அந்த வேளையில், பல வாரங்களாகக் கொட்டிலிலே கிடந்த இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுகிறார் கமக்காரர். பத்து முறை சுற்றியும் பயனில்லை. அயலவர் ஒருவர் வந்து ஒரு திருகாணியைத் தளர்த்துகிறார். இன்னொருவர் வேறொன்றை இறுக்குகிறார். காலையில் ஒரு நோயோடிருந்த இயந்திரம் மாலையில் ஐந்து நோயோடு நிற்கின்றது. முதலில் இருந்த நோய் எதுவென்று கண்டறிய எவராலும் இயலாது போகின்றது. நல்ல வைத்தியர் நாடி பார்க்குமுன் மருந்து கொடுப்பதில்லை. இயந்திரத்துக்கும் அதுவே விதி. ஸ்பானரைக் கையிலெடுக்குமுன், கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்காகக் கேட்டல் வேண்டும்.

அக்கேள்விகள் விளங்குவதற்கு, டீசல் இயந்திரத்தின் உள்ளே நிகழ்வது யாதென அறிந்துகொள்வோம். ருடோல்ப் டீசல் என்னும் அறிஞர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897 ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய தத்துவம் இதுதான்: காற்றை மிகுதியாக அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பாகம் சுடுவதை நாம் கண்டிருக்கிறோம். டீசல் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் காற்றானது, ஏறக்குறைய 20-இல் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகின்றது. அப்பொழுது எழும் வெப்பத்தில், இன்ஜெக்டர் தூவும் டீசல் தானாகவே தீப்பற்றிக்கொள்கின்றது. ஆகவே அதற்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், காற்று, அமுக்கம். கிளம்பாத இயந்திரம் பிடிவாதம் பிடிப்பதில்லை; இம்மூன்றில் ஒன்று அதற்குக் கிடைக்கவில்லை.

முதற் கேள்வி மிக எளியது. எளியதென்பதனாலேயே பலராலும் மறக்கப்படுவது. தாங்கியில் டீசல் உண்டா? அதன் அடியிலுள்ள குழாய்த்திறப்பு திறந்திருக்கின்றதா? இயந்திரத்தை நிறுத்தும் நெம்புகோல், நிறுத்திய நிலையிலேயே இன்னும் இருக்கின்றதா? தாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டிருக்கின்றதா? அத்துவாரத்தின் வழியே காற்று உட்புகாவிடின் டீசல் கீழிறங்காது. கராஜிலிருந்து ஒருவரை அழைத்துவந்து, அவர் குழாய்த்திறப்பைத் திருப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவதைக் காட்டிலும், இவற்றை நாமே பார்த்துக்கொள்வது மேலன்றோ?

இரண்டாவது கேள்வி: டீசல் சிலிண்டர் வரை சேர்கின்றதா? இதனைக் காதாலும் கண்ணாலும் அறியலாம். கியரை நடுநிலையில் வைத்து, அமுக்கத்தை நீக்கும் சிறு நெம்புகோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். இன்ஜெக்டரிலிருந்து கிறீச்சென்ற மெல்லிய ஒலி விட்டுவிட்டு எழுமானால் டீசல் சேர்கின்றது என்பது பொருள். ஒலியும் இல்லை, வேகமாகச் சுற்றும்போது புகைக்குழாயில் புகையும் இல்லையென்றால், வழியிலே தடை உண்டு. பெரும்பாலும் அத்தடை காற்றேயாகும். தாங்கி ஒருமுறை வற்றிப்போனாலும், குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்தாலும் உள்ளே காற்றுக் குமிழிகள் புகுந்துவிடும். பம்பி காற்றை அமுக்கிக்கொண்டிருக்குமேயன்றி டீசலை முன்தள்ளாது.

காற்றை வெளியேற்றும்போது தாங்கியிலிருந்து தொடங்கி முன்னோக்கிச் செல்லவேண்டும். முதலில் வடிகட்டியிலுள்ள திருகாணியைச் சற்றே தளர்த்துங்கள். குமிழியோடு வரும் டீசல் தெளிவாக வரத் தொடங்கியதும் இறுக்குங்கள். அடுத்துப் பம்பிக்குள் செல்லும் குழாயில் அவ்வாறே செய்யுங்கள். இறுதியாக இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள். அப்போது வெளிவரும் டீசலிலே நீர்த்துளிகள் தென்பட்டால், அதுவே நோயின் முதல். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரால் நீர் படிவதுண்டு, மழைநீர் கசிவதுமுண்டு. வடிகட்டியின் அடியில் தங்கிய நீரை வடித்துவிடல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்ஜெக்டரிலிருந்து தூவும் டீசலின் வேகத்தைக் கைவிரலால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். சாதாரணக் காற்றமுக்கத்தைப் போல் 100 மடங்குக்கும் மேற்பட்ட விசையோடு அது பாய்கின்றது. தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தோன்றினும், விரலையே இழக்க நேரலாம். அவ்வாறு நிகழ்ந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி: காற்று உட்சென்று, புகை வெளிவர வழி உண்டா? சும்மா கிடக்கும் குழாய்களைக் குளவிகள் விரும்புகின்றன. புகைக்குழாயிலும் காற்று உட்செல்லும் வாயிலும் அவை மண்ணாற் கூடு கட்டிவிடும். சேறும் உமியும் படிந்த காற்று வடிகட்டியும் இயந்திரத்தை மூச்சுத் திணறச் செய்யும். ஆயினும், வடிகட்டியை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது நன்றன்று. உட்புகும் மணல் சிலிண்டரையே தேய்த்துவிடும்.

நான்காவது கேள்வி: அமுக்கம் உண்டா? நெம்புகோலை விட்டுவிட்டுக் கைப்பிடியை மெல்லச் சுற்றினால், ஓரிடத்தில் வில்லை வளைப்பதுபோல் எதிர்விசை தோன்றவேண்டும். தடையின்றிச் சுழலுமாயின் வால்வோ, பிஸ்டன் வளையமோ, சிலிண்டர் தலையின் இடையடைப்போ பழுதடைந்திருக்கலாம். புகைக்குழாயில் வெண்புகை வருகின்றது, இயந்திரம் கிளம்பவில்லை என்றாலும் டீசல் சேர்கின்றது, போதிய வெப்பம் எழவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இந்த இடத்திலே நம் கை நின்றுவிட வேண்டும். இனிச் செய்ய வேண்டியது தேர்ந்த தொழிலாளியின் வேலை. ஆனால் இப்பொழுது நாம் அவரிடம், “இயந்திரம் கிளம்பவில்லை” என்று மட்டும் சொல்லப்போவதில்லை. “டீசல் வருகிறது, காற்று வருகிறது, அமுக்கம் இல்லை” என்று சொல்வோம். அவருடைய நேரமும் நம்முடைய பணமும் அவ்வொரு வாக்கியத்தாலே மிஞ்சும்.

பெற்றோலில் ஓடும் வண்டியை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அங்கே தீ மூட்டுவது மின்பொறி. சாவியால் கிளப்பும் வண்டியாயின், கைப்பிடியிலுள்ள நிறுத்தும் சுவிட்சையும் கியரையும் முதலில் பாருங்கள். பிறகு பற்றரியின் முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்று வீசும் ஊரிலே அவை விரைவில் பூத்துப்போகும். அதன்பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. மாதக்கணக்கில் தேங்கிய பெற்றோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்திருக்கலாம். அது நனைந்திருந்தால் பெற்றோல் மிகுந்துவிட்டது, அல்லது பொறி எழவில்லை. பெற்றோல் சிந்திய இடத்தில் பொறியைச் சோதிப்பது நெருப்போடு விளையாடுவதாகும்.

கைப்பிடியைச் சுற்றுவோர் சாரத்தை மடித்து இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். தொங்கும் துணியைப் பட்டியும் சில்லும் பற்றியிழுத்துவிடும். பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். கைப்பிடி திருப்பியடித்தால் பெருவிரல் தப்பும். கதவடைத்த கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். அதன் புகையிலே மணமற்ற நச்சுவாயு கலந்துள்ளது.

இறுதியாக ஒன்று. இக்கேள்விகளைக் கேட்பதற்கு உகந்த நாள் மழை விழுந்த நாளன்று. அதற்கு மூன்று வாரங்களுக்கு முந்திய ஒரு நாளே. சிறுபோகம் முடிந்ததும் தாங்கியை நிரப்பி வையுங்கள். நீர் படிவதற்கு இடமிராது. காற்று வாயையும் புகைக்குழாயையும் துணியால் மூடிவையுங்கள், குளவிக்கு இடமிராது. கிளப்புமுன் அத்துணியை நீக்க மறவாதீர்கள். புரட்டாசியிலேயே ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அன்று அது கிளம்ப மறுத்தாலும், நின்று நிதானமாய் நாடி பார்க்க நாட்கள் உண்டு. ஐப்பசியின் முதல் மழை தம்பலகாமத்து மண்ணை நனைக்கும் காலையிலோ, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கே அது முழங்கிக்கொண்டு எழும்.