மல்லாட்டைக்கு நண்பன், காளானுக்கு எதிரி... ஒரே பூஞ்சைக்கு ஏன் இரண்டு முகம்?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி திண்டிவனம் பக்கம் திரும்பினால், வெள்ளை உப்புக் குவியல்கள் மறைந்து மல்லாட்டைக் கொல்லைகள் தொடங்கிவிடும். விழுப்புரம் வட்டாரத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். இங்கே விதைப்புக்கு முன், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் 'டிரைக்கோடெர்மா விரிடி' பொடி கலக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். வேரழுகல் நோயைத் தடுக்கத்தான் இது.

ஆனால் இதே பூஞ்சை காளான் குடிலுக்குள் நுழைந்தால்? படுக்கையே காலி!

இறாலுக்கும் காளானுக்கும் என்ன சம்பந்தம்?

மரக்காணம் கடற்கரையில் இறால் வாங்கினால் ஓட்டை உரித்துப் போடுவோம் இல்லையா? அந்த ஓட்டில் இருக்கும் 'கைட்டின்' என்ற பொருள்தான் காளானின் செல் சுவரிலும் இருக்கிறது. வீட்டுச் சுவருக்குக் கம்பி மாதிரி கைட்டின். அதைச் சுற்றிப் பூசிய சிமென்ட் மாதிரி 'குளுக்கான்'. செடிகளின் செல் சுவர் வேறு. அது பெரும்பாலும் செல்லுலோஸ்.

டிரைக்கோடெர்மா எப்படித் தாக்குகிறது?

எதிரிப் பூஞ்சையின் இழையைக் கண்டதும், கொடி மாதிரி அதைச் சுற்றிக்கொள்ளும். பிறகு இரண்டு வகை நொதிகளைச் சுரக்கும். கைட்டினேஸ் 'கம்பி'யை வெட்டும். குளுக்கனேஸ் 'சிமென்ட்'டைக் கரைக்கும். சுவரில் ஓட்டை விழுந்ததும் உள்ளே இருப்பதைச் சாப்பிட்டுவிடும்.

வேரழுகலை உண்டாக்குவதும் பூஞ்சை, நாம் சாப்பிடும் காளானும் பூஞ்சை. இந்த நொதிக்கு நல்லது கெட்டது தெரியாது. மல்லாட்டை வேரில் கைட்டின் இல்லாததால் அது தப்பிக்கிறது.

வைக்கோலையும் விடாதா?

விடாது. செல்லுலோஸை உடைக்கும் நொதியும் இதனிடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியை மக்கவைத்தது இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சைதான். அதனால் காளானுக்குப் போட்ட வைக்கோலுக்கும் போட்டிக்கு வரும். 1980களில் அயர்லாந்து, பிரிட்டன் காளான் பண்ணைகளை இதே பேரினத்தின் இன்னொரு வகையான 'பச்சைப் பூசணம்' பெரிதாகப் பாதித்தது.

ஃபிரிட்ஜில் காளான் ஏன் கொழகொழவென ஆகிறது?

பறித்த பிறகும் காளானின் சொந்த நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. தன் சுவரைத் தானே உடைக்கும். 'மைத்தொப்பி' வகைக் காளான்கள் இதில் உச்சம்: வித்து பரப்ப, குடையே கரைந்து கறுப்பு மையாகச் சொட்டிவிடும். குளிர் நொதிகளின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. வாங்கிய காளானைச் சீக்கிரம் சமைத்துவிடுவது நல்லது.

காளான் வளர்ப்பவர்கள் கவனிக்க:

* வைக்கோலை ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகே படுக்கை போடுங்கள்.
* படுக்கையில் பச்சைத் திட்டு தெரிந்தால் அங்கேயே பிரிக்காதீர்கள். வித்துத்தூள் பறந்து பரவும். அப்படியே மூடி, குடிலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.
* கொல்லைக்கு விதை நேர்த்தி செய்த கையோடு குடிலுக்குள் போகாதீர்கள். குளித்து, உடை மாற்றிவிட்டுப் போங்கள்.

கொல்லையில் பயிரைக் காப்பாற்றும் அந்த 4 கிராம் பொடி, குடிலுக்குள் ஒட்டிக்கொண்டு போனால் மொத்த அறுவடைக்கும் ஆபத்து.