குழந்தைகள் வார்டுக்குள் நாயை விடலாமா?

மருத்துவமனை வளாகங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கடித்துக் குதறுவதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடுவதும் கொங்கு நாட்டுக்குப் பழகிப்போன செய்தி. இந்த ஊரில் போய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கட்டிலுக்கே நாயைக் கூட்டி வரலாம் என்றால், சொல்பவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

பழக்கிய நாயைக் குழந்தைகளின் சிகிச்சைக்குத் துணையாக வைத்துக்கொள்வது வெளிநாடுகளில் புதிதல்ல. வாய் திறக்காத குழந்தைகள் தன் நாய் ஜிங்கிள்ஸ் பக்கத்தில் இருந்தால் பேசத் தொடங்குவதைக் கவனித்த நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், 1960களிலேயே அதைப் பற்றி எழுதினார். ஜப்பானின் ஷிசுவோகா குழந்தைகள் மருத்துவமனையில் 2010-ல் பெய்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் வேலைக்குச் சேர்ந்தது. 1991-ல் ஹாங்காங்கில் பிறந்த 'டாக்டர் டாக்' திட்டம் சென்னைக்கும் வந்து, சிறப்புக் குழந்தைகளிடம் நாய்களைப் பழகவிட்டது.

சரி, கிருமி? நாய் வெளியிலிருந்து அழுக்கைக் கொண்டுவரும் என்பதுதான் நம் முதல் பயம். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கவலை அதோடு நிற்பதில்லை. மருத்துவமனையிலேயே குடியிருக்கும் கிருமி நாயின் ரோமத்தில் ஏறி, ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாதே என்பது அவர்களுடைய பெரிய கவலை. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பும் இதே வேலையைச் செய்யும். அதைத் துடைப்பது சுலபம், நாயைத் துடைப்பது கொஞ்சம் கஷ்டம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2018-ல் முடிவைச் சொன்னார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் 45 குழந்தைகள், 4 நாய்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைத் தேடினார்கள். நாயோடு அதிக நேரம் ஒட்டி விளையாடிய குழந்தைகளிடம் அது தொற்றிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு அதிகமாக இருந்தது. அதற்காக நாயை வேண்டாம் என்று நிறுத்திவிடவில்லை. வருவதற்கு முன் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினார்கள். வார்டில் 5, 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதே மருந்து நனைத்த துணியால் ரோமத்தைத் துடைத்தார்கள். அபாயம் வெகுவாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், வழி காட்டிய ஆய்வு.

அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுநோயியல் சங்கம் 2015-ல் தந்த பரிந்துரைகள் இன்னும் கறாரானவை. ஒரு வயது நிரம்பாத நாய்க்கு அனுமதி இல்லை. பச்சை இறைச்சி தின்று 90 நாள் ஆகாத நாய்க்கும் இல்லை. சால்மோனெல்லா கிருமி மலத்தில் வெளியேறும் என்பதே காரணம். முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளித்திருக்க வேண்டும். ஒரு வருகை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அது நாயின் நலனுக்காகவும்தான்.

கட்டிலருகே நடப்பது இதுதான். முதலில் குழந்தையின் கையில் சானிடைசர். நாயைக் கட்டிலில் ஏற்றுவதானால், ஈரம் ஊறாத விரிப்பு ஒன்றை விரிப்பார்கள். அடுத்த குழந்தைக்கு வேறு விரிப்பு. ஊசி குத்திய கை, டியூப், கட்டுப் போட்ட புண் இருக்கும் பக்கம் நாயை விடுவதில்லை. வாரைப் பிடித்திருப்பவர் கண் நாயின் வாயிலேயே இருக்கும். நக்க விடக் கூடாது. கிளம்பும்போது குழந்தை, துணைக்கு இருப்பவர், நாயோடு வந்தவர் எல்லோருக்கும் மறுபடி கை சுத்தம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் வித்துக்களுக்கு சானிடைசர் பத்தாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

நம் ஊருக்கு என்று வந்தால் கவலைப் பட்டியலில் முதலிடம் வெறிநாய்க்கடிக்குத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அந்த நோய்க்கு ஒரு இளம்பெண் பலியானதன் பின்னணியில் எழுந்த நிறுவனம் அது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே, தடுப்பூசிச் சான்று இல்லாத நாய் வாசலைத் தாண்டவே கூடாது. எலிக்காய்ச்சல் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி, படர்தாமரை இல்லை என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்வது எல்லாம் அடுத்தடுத்து வரும்.

இதில் எனக்கு இடிப்பது இடம்தான். விதிகளை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது தனி அறை. நம் பொது வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி குறைவு, தரையில் பாய் விரித்து அம்மாவோ அப்புச்சியோ படுத்திருப்பார். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கலாம், நாயைக் கண்டாலே நடுக்கம் இருக்கலாம். நாய் கடித்து ஊசிக்கு வந்த பிள்ளையாகவே கூட இருக்கலாம். தலசீமியாவுக்காக மண்ணீரலை எடுத்துவிட்ட குழந்தைக்கு, நாயின் எச்சிலில் சாதாரணமாக வாழும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியாவே உயிருக்கு ஆபத்தாகும்.

அதனால் வார்டில் தொடங்குவது சரியாக வராது என்பதே என் கருத்து. பிசியோதெரபி கூடம், சிறப்புப் பள்ளி, புறநோயாளிப் பிரிவில் தனியாக ஒரு அறை, இவை போதும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், நாளும் நேரமும் குறித்த ஒரு பதிவேடு, வாசலிலேயே தண்ணீர் வரும் ஒரு குழாய், பக்கத்தில் சோப்பு. இவ்வளவு ஏற்பாடு செய்ய முடியாத இடத்துக்கு நாயைக் கூப்பிடாமல் இருப்பதே நல்லது.