மதிப்புரை எழுதப் புகுவோர்க்கு

புத்தகமொன்று நம் கைக்கு வருகின்றது. அதனுடன் பத்திராசிரியர் அனுப்பிய சிறு சீட்டொன்றும் வருகின்றது. “இதனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியனுப்புக; பத்து நாளில் வேண்டும்” என்பதே அதன் வாசகம். அப்பக்கத்தை எழுதுதல் மிக எளிதென்று கருதாத மாணவர் அரியர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியிருந்தோம். கதை எழுதுவோனுக்குக் கற்பனை வேண்டும். செய்யுள் இயற்றுவோனுக்கு யாப்பறிவு வேண்டும். கட்டுரையாளன் பொருள் தேடி அலைதல் வேண்டும். மதிப்புரைக்கோ, வேண்டும் பொருள் அனைத்தையும் வேறொருவர் தேடித் தொகுத்து அச்சிட்டும் வைத்துள்ளார். அது நன்று அல்லது தீது என்று சொல்வதொன்றே எஞ்சியுள்ளது போலத் தோன்றும். இத்தோற்றம் எத்துணைப் பொய்யானது என்பதை நாம் பட்டறிந்த அளவில் கூறப் புகுகின்றோம்.

நம் முன்னோர் நூல்களை ஆராயாது ஏற்றுக்கொண்டவரல்லர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசிரியர் கேட்க அரங்கேறிற்று என்று பனம்பாரனார் தம் பாயிரத்தில் கூறியுள்ளார். அரங்கேற்றம் என்னும் அவ்வழக்கத்தில் ஒரு பெருநன்மை உண்டு. தடை எழுப்புவோரும் விடை கூறுவோரும் ஒரே அவையில் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருப்பர். கேட்டவரின் ஐயம் தவறாயின் அப்பொழுதே அது நீங்கிவிடும். இக்காலத்து மதிப்புரையிலோ தடை மட்டும் அச்சேறுகின்றது. விடை சொல்ல வேண்டியவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதனைத் தனியே படித்துக்கொண்டிருக்கின்றார். இவ்வேறுபாட்டை மனத்திலிருத்திக்கொண்டே பேனாவை எடுத்தல் வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் சிறப்புப் பாயிரம் ஒன்றில் அமைய வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூலுள் வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாக்கப்பட்ட முறை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவே அவை. இவ்வெட்டையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு இன்றைய பத்திரிகை மதிப்புரைகளை நோக்குவோமாயின், அவற்றுட் பல நான்கைக்கூடத் தாண்டவில்லை என்பது புலனாகும். ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் விலையும் எங்கும் உண்டு. ‘நூல் வந்த வழி’ என்பதனை வினவுவார் இல்லை. இந்நூல் தானே முதலாய்த் தோன்றியதா, முன்னொரு நூலைத் தழுவியதா, பிறமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டதா என்பதைப் படிப்பவருக்குச் சொல்வது மதிப்புரைகாரர் கடமையன்றோ? ‘கேட்போர்’ என்பதோ அடியோடு மறக்கப்பட்டது. பள்ளிச் சிறுவர்க்கென எழுதிய தாவர நூலில் ஆராய்ச்சி ஆழமில்லை என்று குறை கூறுவதும், புலவர்க்கென எழுதிய இலக்கண ஆராய்ச்சி கடினமாயுள்ளது என்று வருந்துவதும் இம்மறதியின் பயனே.

ஆயினும், நன்னூலை முழுதும் துணையாகக் கொள்ளுதலும் இயலாது. சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கோர் யாவர் என்னும் வினாவுக்கு அந்நூல் தரும் விடை, நூலாசிரியனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுந்த உரைகாரன் என்பதாகும். அனைவரும் ஆசிரியனுக்கு வேண்டியவரே! தன்னைத் தானே புகழ்தல் தகாது என்றமையால், புகழும் பணி பிறரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்ற நூற்றாண்டுகளில் அச்சேறிய நூல்களின் முகப்பில் வரிசை வரிசையாக நின்ற சாற்றுகவிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. மதிப்புரைகாரர் இந்நால்வருள் ஒருவரல்லர். அவர் ஐந்தாமவர். பணம் கொடுத்து நூலை வாங்கப் போகின்ற முன்பின் அறியாத ஒருவரின் சார்பில் பேச வந்தவர். கல்லூரிச் சஞ்சிகைகளில் இந்நிலை மிகவும் இக்கட்டானது. நூலாசிரியர் பெரும்பாலும் நமக்குப் பாடம் சொன்னவராகவோ நம்முடன் விடுதியில் உண்டவராகவோ இருப்பர். அத்தகைய நூலாயின், உறவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுதல் தக்கது. அன்றேல் வேறொருவரிடம் கொடுத்துவிடுதல் இன்னும் தக்கது.

நிற்க. மேனாட்டில் இக்கலை வளர்ந்த வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி மாணவர்கள் ஊன்றி நோக்கத் தக்கது. எடின்பரோ ரெவ்யூ 1802-ஆம் ஆண்டிலும், அதற்கு மாறான அரசியற் கட்சியைச் சார்ந்த குவார்ட்டர்லி ரெவ்யூ 1809-ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றின் மதிப்புரைகள் எழுதியவர் பெயரின்றியே வெளிவந்தன. எழுதியவர் ஒருவரேயாயினும் ‘நாம்’ என்றே பேசுவார். (இக்கட்டுரையும் ‘நாம்’ என்றே பேசுகின்றது, அச்சொல்லின் பின்னே ஒளிந்துகொள்வது எத்துணை வசதியானது என்பதை நாம் அறியாமலில்லை.) ஜான் கீட்ஸ் என்னும் இளங்கவி 1818-இல் எண்டிமியன் என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். அது நான்கு காண்டங்களையும் ஏறக்குறைய நாலாயிரம் அடிகளையும் உடையது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. தம் நூலில் முதிர்ச்சியின்மை காணப்படும் என்பதை அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருந்தார்.

குவார்ட்டர்லியில் அதனை ஆராய்ந்தவர் ஜான் வில்ஸன் குரோக்கர். முதற் காண்டத்துக்கு அப்பால் தம்மால் செல்ல இயலவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். இத்தகைய நூலுக்கு அறிவுடைய ஒருவர் தம் மெய்ப்பெயரை இடுவாரா என்றும் ஐயுற்றார். பொருள் எதுகையை ஆளாமல், எதுகை பொருளை இழுத்துச் செல்கின்றது என்பது அவர் கண்ட முதன்மையான குறை. பிளாக்வுட் சஞ்சிகையோ இன்னும் கீழிறங்கி, மருத்துவம் பயின்று உரிமம் பெற்றிருந்த அவ்விளைஞரை மருந்துக் கடைக்கே திரும்பிப் போகுமாறு ஏளனம் செய்தது.

கீட்ஸ் 1821-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ரோம் நகரில் தம் இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். மதிப்புரையே அவரைக் கொன்றது என்னும் கதை உடனே பரவிற்று. ஷெல்லி அவ்வாண்டிலேயே இயற்றிய அடோனெய்ஸ் என்னும் இரங்கற்பா அக்கதைக்கு வலுவூட்டிற்று. பைரனும் அதனைக் குறித்துக் கேலியாகப் பாடினார். உண்மையில் அவரைக் கொன்றது காசநோய். மதிப்புரை வெளிவந்த சில வாரங்களுக்குள் அவர் எழுதிய கடிதமொன்றில், தம் நூலைத் தாமே ஆராய்ந்தபோது உண்டான வருத்தம் அவ்விரு சஞ்சிகைகளும் தரக்கூடியதினும் பெரிது என்றும், எண்டிமியன் சீர்ப்படாத நூல் என்னும் கூற்று மெய்யே என்றும் கூறியுள்ளார். அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் அதன் பின்னரே எழுந்தன.

அங்ஙனமாயின் குரோக்கர் செய்த பிழை யாது? அவர் காட்டிய குறை முற்றும் பொய்யன்று. அதனைக் கவியே ஒப்புக்கொண்டார். நூலின் காற்பங்கைப் படித்துவிட்டு முழுமைக்கும் தீர்ப்புக் கூறியது ஒரு பிழை. குறையின் அருகிலேயே கிடந்த அழகைக் காணத் தவறியது அதனினும் பெரும்பிழை. எடின்பரோ ரெவ்யூவின் ஆசிரியராகிய பிரான்ஸிஸ் ஜெப்ரி அதே நூலை 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆராய்ந்தார். எல்லை கடந்த வருணனையையும் தெளிவின்மையையும் அவரும் மறைக்கவில்லை. அவற்றைச் சொல்லிய கையோடு, கவிதையின் பல பகுதிகளை நீளமாக எடுத்துக்காட்டிப் படிப்பவர் தாமே சுவைத்துத் தீர்மானிக்குமாறு விட்டுவிட்டார். குற்றம் இருவர் கண்ணுக்கும் ஒன்றே. ஆயினும் ஒருவர் எழுத்து நூலினிடமிருந்து நம்மை விரட்டுகின்றது, மற்றவரது எழுத்து நூலைத் தேடிச் செல்லச் செய்கின்றது. ஜெப்ரியின் நற்சொல் சற்றுத் தாமதமாகவே வந்தது. அடுத்த திங்களில் கீட்ஸ் நோயாளியாய் இத்தாலிக்குக் கப்பலேறினார்.

குரோக்கரைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா என்பது ஐயமே. பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றை எழுதித் தம் சேமிப்பைச் செலவிட்டு அச்சிட்டிருந்தார். அது மதிப்புரைக்கு நம்மிடம் வந்தது. முற்பகுதியைப் படித்தோம், கோயிற் செய்தியும் ஜமீன் செய்தியுமாகவே இருந்தன. எஞ்சியதைப் புரட்டிப் பார்த்தோம். காலக்கெடு நெருங்கிவிட்டது. “ஏரிப் பாசனத்தால் வாழும் ஊரைப் பற்றி எழுதியவர் ஏரியை மறந்தாரே!” என்று நயமாக முடித்து அனுப்பிவிட்டோம். அந்த வரியை நண்பர் பலர் பாராட்டவும் செய்தனர்.

ஒரு வாரம் கழித்து அப்பெரியவரிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. “ஐயா, தங்கள் மதிப்புரையைக் கண்டேன். நேரம் வாய்ப்பின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பார்க்குமாறு வேண்டுகிறேன்” என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பார்த்தோம். அவ்வதிகாரம் முழுவதும் ஏரியே. எந்த மடை எத்தனை நாழிகை திறக்கும், கடைமடைக்காரன் வறட்சியில் எவ்வாறு பங்கு பெறுவான், நீர்க்கட்டிக்குக் களத்தில் அளக்கும் நெல் எவ்வளவு என்பனவெல்லாம் கேட்டறிந்து எழுதப்பட்டிருந்தன. நூலின் உயிரே அதுதான். மறு திங்களில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டோம். முதலில் எழுதியதைப் படித்தோருள் எத்தனை பேர் அதனைப் படித்திருப்பர்? சுற்றுப்புறச் சிற்றூர்களைப் பற்றி இரண்டாம் பாகம் எழுதப்போவதாக அவர் முன்னுரையில் கூறியிருந்தார். அது வெளிவரவேயில்லை. நம் வரிதான் காரணம் என்று கூறத் துணியோம். இல்லையென்று கூறவும் துணியோம்.

அன்றுமுதல் நாம் மேற்கொண்ட முறையைச் சொல்லிவிடுகின்றோம். கையில் பென்சிலுடன் ஒருமுறை முழுதும் படிக்கின்றோம். முன்னுரையை முதலிலும் நூல் முடிந்த பின்னரும் இருமுறை படிக்கின்றோம். ஏனெனில் ஆசிரியர் எதைச் செய்யப் புகுந்தார் என்பது அங்கேதான் இருக்கின்றது; அவர் புகுந்த செயலைச் செய்தாரா என்பதே முதற்கேள்வி. நாம் எழுதியிருந்தால் இந்நூலை எவ்வாறு எழுதியிருப்போம் என்பதை எவரும் கேட்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதுமுன் பொருளடக்கத்தையும் கடைசி அதிகாரத்தையும் மறுபடி பார்க்கின்றோம்.

பிழையையும் சுவை வேறுபாட்டையும் பிரித்தறிவது இதனினும் கடினம். ஆண்டு தவறாயிருப்பது பிழை; பக்க எண்ணைச் சுட்டித் திருத்தினால் போதும். நடை நமக்குப் பிடிக்காதது பிழையன்று. அதனை ‘எமக்குத் தோன்றுகிறது’ என்ற அளவில் சொல்லி, அந்நடையில் மூன்று நான்கு வரிகளை எடுத்துக்காட்டினால், நம்மோடு மாறுபடுவோர்க்கும் மதிப்புரை பயன்படும். ‘அருமை’, ‘அற்புதம்’, ‘ஒவ்வொரு தமிழர் இல்லத்திலும் இருக்க வேண்டியது’ என்பன எந்த நூலுக்கும் பொருந்துவன. ஆதலால் எந்த நூலையும் பற்றி ஒன்றும் கூறாதன. நாவலாயின், முடிவை வெளியிட்டுவிடுவது அடுத்தவன் இலையில் கைவைப்பதை ஒக்கும். அச்சுப்பிழைப் பட்டியலால் பக்கத்தை நிரப்புவோரும் உளர். அப்பட்டியல் ஆசிரியருக்குத் தனிக்கடிதமாகச் சென்றால் அடுத்த பதிப்புக்கு உதவும்.

பொதுமக்களுக்கென எழுதும் மதிப்புரையே தேவையில்லை என்று வாதித்தவரும் உளர். வர்ஜீனியா உல்ப் 1939-இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், பத்திரிகையில் நூற்சுருக்கத்தோடு ஒரு குறியை மட்டும் இட்டால் போதும் என்றும், ஆராய்ச்சியாளர் மருத்துவரைப் போல ஆசிரியரைத் தனியறையில் சந்தித்துக் கட்டணம் பெற்று அறிவுரை கூறலாம் என்றும் எழுதினார். அந்நூலிலேயே அவர் கணவர் லியனார்டு உல்ப் ஒரு குறிப்பு எழுதி அதனை மறுத்தார். புத்தகம் வாங்குவோனுக்கு வழிகாட்டுவதே மதிப்புரையின் வேலை என்பது அவர் கட்சி. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் வேறொரு வழி கூறினார். பெரும்பாலான நூல்களை விட்டுவிட்டு, தக்கன சிலவற்றுக்கு மட்டும் ஆயிரம் சொல்லுக்குக் குறையாது எழுதுக என்பது அது. நம் சஞ்சிகைக்கு இவ்வழியே ஏற்றதென்று நமக்குப் படுகின்றது. ‘வரப்பெற்றோம்’ என்னும் தலைப்பில் முப்பது நூல்களுக்கு ஒவ்வோர் அடியாக எழுதுவதினும், மூன்றை முழுதும் படித்து எழுதலாம்.

மாணவ நண்பருள் எவரேனும் வரும் ஆண்டுக்கு மதிப்புரை எழுத விரும்பினால், நூலகத்தில் உள்ளூர் வரலாறுகள் வைத்திருக்கும் அலமாரியிலிருந்து தொடங்கலாம். நாம் மேலே சொன்ன நூலும் அங்கே இருக்கின்றது. முதல் எண்பது பக்கங்களில் மட்டும் பென்சிற் கோடுகள் காணப்படும், அவை நம்முடையவை. ஒன்பதாம் அதிகாரத்தின் ஓரத்தில் உள்ள கோடுகளும் நம்முடையவையே. அவை வேறு மையில் இருக்கும்.