160 ஏக்கர் தனிமை

மிசூரி ஆற்றுக்கு மேற்கே ராக்கி மலையடிவாரம் வரை பரந்து கிடக்கும் அமெரிக்கப் புல்வெளியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறிய உழவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர்கள் பட்ட துன்பங்களுக்கெல்லாம் இயற்கையையே காரணம் காட்டுவது வழக்கம். மரமில்லாத நிலம், ஓயாத காற்று, பனிப்புயல், வெட்டுக்கிளி, வறட்சி, காய்ந்த புல்லில் பற்றி ஓடும் தீ என்று பட்டியல் நீளும். அத்தனையையும் தாக்குப்பிடித்த தனிமனிதனின் நெஞ்சுரத்தைப் புகழ்ந்து கதை முடியும். நெஞ்சுரம் உண்மைதான், அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு, அந்த நிலத்தைக் கண்ணால் காணாதவர்கள் வகுத்த சட்டத்தாலும் போட்ட கோட்டாலும் வந்தது. துன்பத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது, அதை அனுபவித்தவர்களுக்கே செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் படிக்க எளிமையானது. 21 வயது நிரம்பியவரோ, குடும்பத் தலைவரோ, அரசு நிலத்தில் 160 ஏக்கரைத் தேர்ந்தெடுத்து மனுப் போடலாம். ஐந்தாண்டு அந்த நிலத்திலேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா கிடைக்கும். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். மணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும், குடியுரிமை பெறப்போவதாக உறுதி கொடுத்த வெளிநாட்டவருக்கும் இந்த வாசல் திறந்திருந்தது. 160 என்ற எண்ணின் வேர் இன்னும் பழையது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நாட்டை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளக்கச் சொன்னது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. ஓஹாயோவைப் போல நல்ல மழை பெய்து மரம் அடர்ந்திருந்த கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு அது தாராளமான அளவு. அதே சதுரத்தை மேற்கே போகப் போக மாற்றாமல் விரித்தார்கள். சர்வே சங்கிலி ஓடையைக் கண்டு வளையவில்லை, மேட்டைக் கண்டு விலகவில்லை.

இதன் முதல் விளைவு தண்ணீரில் தெரிந்தது. ஓடை ஓடும் சதுரத்தை முதலில் வந்தவர் எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தவருக்குக் கிடைத்தது ஓடையே இல்லாத மேட்டுச் சதுரம். அங்கே கிணறு வெட்டவேண்டும், அதுவும் கையால். நெப்ராஸ்காவின் மேட்டுநிலங்களில் பல இடங்களில் 100 அடிக்குக் கீழே போனால்தான் ஈரம் கண்ணில் படும். அவ்வளவு ஆழத்தில் மண் சரியலாம், நச்சுக்காற்று தேங்கலாம், மேலே இழுக்கும் வாளி அறுந்து விழலாம். கிணறு வாய்க்காத குடும்பங்கள் மைல் கணக்கில் வண்டியோட்டிப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தன. துணி துவைத்த நீரில் தரையைக் கழுவி, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினார்கள். காற்றாலை வாங்கும் அளவுக்குக் கையில் காசு சேர்ந்தவர்களுக்குத்தான் இந்தப் பாடு தணிந்தது. அந்த மண்ணின் வறட்சியை மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு முழு ஓடையும் அடுத்தவருக்கு ஒரு சொட்டும் இல்லாமல் பங்கிட்டது மண் அல்ல.

இதை அன்றைக்கே எடுத்துச் சொன்ன ஒருவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்து, 1869இல் கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கைப் படகில் கடந்த ஜான் வெஸ்லி பவல் அவர். 1878இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அவர் அளித்த அறிக்கையின் சாரம் இது: 100ஆவது தீர்க்கரேகையை ஒட்டி, ஆண்டுக்கு 20 அங்குல மழை என்ற அளவுக்கு மேற்கே, மானாவாரி விவசாயத்தை நம்ப முடியாது. பாசன வசதியுள்ள இடத்தில் 80 ஏக்கரே ஒரு குடும்பத்துக்குப் போதும். மேய்ச்சல் நிலமென்றால் 2,560 ஏக்கர் வேண்டும். எல்லையைச் சதுரமாகப் போடாமல், ஒவ்வொரு பண்ணைக்கும் நீர் எட்டும்படி நிலத்தின் போக்கில் போடவேண்டும். வீடுகள் நீரருகே கூட்டமாக அமையட்டும். மேய்ச்சல் வேலியில்லாமல் பொதுவாக இருக்கட்டும். நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கவில்லை. ஆகவே, பின்னால் வந்த அறிவைக் கொண்டு முன்னோரைக் குறைசொல்வதாக என்மேல் யாரும் குற்றம் சாட்ட முடியாது. குடியேற்றம் முழுவேகத்தில் நடந்துகொண்டிருந்தபோதே மாற்றுவழி எழுத்தில் இருந்தது.

மரமில்லாத இடத்தில் வீடு கட்டிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நூற்றாண்டுகளாக வேரோடிப் பின்னிய புல்தரையைத் தனி வகை ஏரால் ஓரடி அகலம், நாலங்குலக் கனம் கொண்ட நீளப் பாளங்களாகக் கிழிப்பார்கள். அதை மண்வெட்டியால் இரண்டு மூன்றடித் துண்டுகளாக வெட்டி, புல் முகம் கீழே இருக்கும்படி செங்கல் போல அடுக்குவார்கள். சுவரின் கனம் இரண்டடி, மூன்றடி. ஒரு சிறிய வீட்டுக்கே அரை ஏக்கர் தொடங்கி ஒரு ஏக்கர் வரை தரையை உரிக்கவேண்டியிருக்கும். கூரைக்கு ஓடையோர வில்லோக் கம்புகள், அதன்மேல் புதர், அதன்மேலும் புல்மண். கோடையில் குளிர்ச்சியாகவும் பனிக்காலத்தில் கதகதப்பாகவும் இருந்த அந்த வீட்டுக்கு மழைதான் எதிரி. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே இரண்டு மூன்று நாள் சேறு சொட்டும். மேலிருந்து மண்ணும் பூச்சியும், சில வேளை பாம்பும் விழாமலிருக்க உத்தரத்துக்குக் கீழே மஸ்லின் துணியை இழுத்துக் கட்டினார்கள். 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் இத்தகைய வீடுகளின் முன்னே குடும்பம் குடும்பமாக நிறுத்திப் படமெடுத்த சாலமன் புட்சரின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டிலிருந்த நல்ல பொருளையெல்லாம் வெளியே எடுத்துவைத்து நிற்பவர்கள் அவற்றில் உண்டு.

விறகும் இல்லை. முதலில் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். 1880களின் தொடக்கத்தில் காட்டெருமை ஏறக்குறைய முற்றாக அழிந்தபின் மாட்டு வரட்டி, மக்காச்சோளச் சக்கை, முறுக்கிய வைக்கோல். வைக்கோல் முறுக்கு சில நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடும். குளிர்நாளில் ஒருவர் முறுக்கிக்கொண்டேயும் இன்னொருவர் அடுப்பில் திணித்துக்கொண்டேயும் இருக்கவேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலும் பிள்ளைகள் தலையிலும்தான் விழுந்தது. இவற்றோடு வெண்ணெய் கடைந்தும் கோழி வளர்த்தும் கடையில் மாவுக்கும் சர்க்கரைக்கும் பண்டமாற்றுச் செய்தவர்களும் அவர்களே. கோதுமை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களின் அடுப்பு முட்டையாலும் வெண்ணெயாலும்தான் எரிந்தது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் எழுதப்பட்டதால் இந்த உழைப்பு கணக்கில் ஏறாமல் போனது.

எல்லாவற்றிலும் கொடியது தனிமை. சட்டம் ஒவ்வொருவரும் அவரவர் நிலத்திலேயே குடியிருக்கச் சொன்னது. 160 ஏக்கர் என்பது பக்கத்துக்கு அரை மைல். நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் நாலு குடும்பமும் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சிலர் அப்படிச் செய்தார்கள். ஆனால் ரயில் பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாக முழு மைல் சதுரங்களைக் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்திருந்தது. இவை தவிர, பள்ளிக்கூடங்களுக்கென ஒதுக்கியவை இருந்தன; விலையேறட்டும் என்று வாங்கிச் சும்மா போட்டவையும் இருந்தன. ஆக அரை மைல் தூரம் நடைமுறையில் ஒன்றாகி, இரண்டாகி, மூன்றானது. 1893இல் ஈ. வி. ஸ்மாலி என்ற பத்திரிகையாளர் அட்லாண்டிக் இதழில் இந்தத் தனிமையைப் பற்றி எழுதினார். ஐரோப்பாவில் கிராமத்துக்குள் நெருங்கி வாழ்ந்து பழகியவர்கள் இங்கே மாதக்கணக்கில் அடுத்தவர் முகம் காணாமல் மனம் பேதலிப்பதைச் சொல்லி, பண்ணை வீடுகளை ஊராகச் சேர்த்தமைக்க வேண்டும் என்று வாதிட்டார்.

அப்படி வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. 1874இல் தென் ரஷ்யாவிலிருந்து மென்னோனைட் சமயத்தார் கான்சஸுக்கும் கனடாவின் மனிடோபாவுக்கும் வந்தார்கள். கனடாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டமும் 160 ஏக்கர்தான் கொடுத்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்ட ஒரு விதிவிலக்கு, அவரவர் சதுரத்தில் குடியிராமல் ஊராகச் சேர்ந்திருக்க அனுமதித்தது. ஒற்றைத் தெரு, இருபுறமும் வீடு, பின்னால் நீண்ட வயல், எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் என்று அவர்கள் ஊர்களை அமைத்தார்கள். மற்றவர்கள் தயங்கிய மரமற்ற திறந்தவெளியில் அவர்களால் நிலைக்க முடிந்தது. அதே மக்கள் கான்சஸில் ஊரமைக்க முயன்றபோது, அங்கிருந்த நில ஏற்பாட்டில் அது விரைவில் கலைந்தது. மனிடோபாவிலும், பட்டா தனித்தனியாகவே இருந்ததால், விரும்பியவர் பிரிந்து போகப் பல ஊர்கள் நாளடைவில் கலைந்தன. ஒரே மக்கள், ஒரே சமயம், ஏறக்குறைய ஒரே மாதிரி நிலம். மாறியது சட்டம். கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினத்தவர் 1877இல் கான்சஸில் நிறுவிய நிகோடிமஸ் ஊரையும் இங்கே நினைக்கவேண்டும். நிலத்தைக் குடைந்த பொந்துகளில் கழிந்த முதல் பனிக்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு பகிர்ந்ததால் பிழைத்தோம் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

வெட்டுக்கிளியையும் பனிப்புயலையும் எந்தச் சட்டம் தடுத்திருக்கும் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லவேண்டும். தடுத்திருக்காது. 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் டகோட்டா முதல் டெக்சஸ் வரை இறங்கின. பயிரைத் தின்று தீர்த்துவிட்டு வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தின்றன. வியர்வை உப்பு ஊறிய மண்வெட்டிப் பிடியைக்கூட அரித்தன. ஆனால் எல்லோரும் ஒரே அளவில் வீழவில்லை. பழைய குடிகள் பலருக்குக் கோதுமை அறுவடையாகிவிட்டிருந்தது. புதிதாகத் தரை கிழித்து மக்காச்சோளத்தை மட்டும் நம்பியிருந்த, கையிருப்பே இல்லாத மேற்குப்புறத்தார்தான் பட்டினியில் விழுந்தார்கள். நாடாளுமன்றம் 1,50,000 டாலர் ஒதுக்கி, ராணுவக் கிடங்கிலிருந்து கோட்டும் பூட்ஸும் விநியோகிக்க நேர்ந்தது. 1888 ஜனவரி 12 காலையும் அப்படித்தான். பருவத்துக்கு மாறாக இதமாக விடிந்த நாள். கனத்த உடையில்லாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பொழுது சாயுமுன் எதிரே நீட்டிய கை தெரியாத பனிப்புயல். மாண்டவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு; அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். புயல் இயற்கையுடையது. பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆளரவமற்ற மைல்களை வைத்தது சதுரம்.

வந்தவர்கள் தெரிந்துதானே வந்தார்கள் என்ற வாதமும் நிற்காது. 1870களின் இறுதியிலும் 80களின் முற்பாதியிலும் புல்வெளியில் வழக்கத்தைவிட நல்ல மழை பெய்தது. உழுத இடத்தில் மழை பின்தொடர்ந்து வரும் என்று நெப்ராஸ்காப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி ஆய்வின் பெயரால் பரப்பினார். சார்ல்ஸ் டேனா வில்பர் 1881இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். தமக்குக் கிடைத்த நிலத்தை விற்கவேண்டியிருந்த ரயில் கம்பெனிகள் ஐரோப்பியக் கிராமங்கள் வரை முகவர்களை அனுப்பின. நார்வேயிலோ பொஹீமியாவிலோ துண்டுப்பிரசுரம் படித்த உழவருக்கு 100ஆவது தீர்க்கரேகையைப் பற்றி யார் சொன்னார்கள்? நம்பி வந்து கடன் வாங்கிக் கலப்பை வாங்கினார்கள். 1890களின் வறட்சியில் மேற்குக் கான்சஸிலும் மேற்கு நெப்ராஸ்காவிலும் பல கவுண்டிகள் காலியாகத் தொடங்கின. 1892இல் ஒமஹாவில் கூடிய, உழவர்கள் திரண்ட மக்கள் கட்சியின் கோபத்துக்குப் பின்னால் இந்த அடமானங்களும் ரயில் கட்டணங்களும் இருந்தன.

மிகக் கனமான எதிர்வாதம் இன்னொன்று. ஹோம்ஸ்டெட் சட்டம் இல்லாவிட்டால் கூலிக்காரனும் குத்தகைக்காரனும் ஒருநாளும் நிலவுடைமையாளர் ஆகியிருக்க முடியுமா? சுமார் 16 லட்சம் பேர் இதன்வழி பட்டா பெற்றார்கள். 27 கோடி ஏக்கர் கைமாறியது. மழை வளமுள்ள கிழக்குப் பகுதியில் அது நிலையான வாழ்வைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மனுப் போட்டவர்களில் பலர் பட்டா கைக்கு வரும்வரை அங்கே நிலைக்கவில்லை. அந்த நிலம் வெறுமையாகவும் கிடந்ததில்லை. லூப், பிளாட் ஆற்றங்கரைகளில் பாவ்னி பழங்குடியினர் பெரிய மண்குடில் ஊர்களில் சேர்ந்து வாழ்ந்து, ஆற்றுப்படுகையில் மக்காச்சோளம் பயிரிட்டு, ஆண்டுக்கு இருமுறை மேட்டுப் புல்வெளிக்கு வேட்டைக்குப் போய் வந்தார்கள். நீரருகே ஊர், மேட்டில் பொதுநிலம் என்று பவல் எழுதியதற்கு நெருக்கமான வாழ்க்கை அங்கே முன்பே நடந்துகொண்டிருந்தது. 1870களில் அவர்கள் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்து போக நேர்ந்தது. ஏழைக்கு நிலம் கொடுத்ததை நான் குறைசொல்லவில்லை; இன்னொருவரிடமிருந்து பறித்ததை, பிழைக்க முடியாத துண்டாக்கிக் கொடுத்ததையே சொல்கிறேன்.

அரசே பின்னாளில் இதை ஒப்புக்கொண்டது. 1904இல் மேற்கு நெப்ராஸ்காவுக்கு மட்டும் 640 ஏக்கராக உயர்த்தினார்கள். 1909இல் வறண்ட மாநிலங்களில் 320 ஆக்கினார்கள். 1912இல் குடியிருப்புக் காலத்தை மூன்றாண்டாகக் குறைத்தார்கள். 1916இல் மேய்ச்சல் நிலத்துக்கு 640 என்றார்கள். பவல் 1902இலேயே இறந்துவிட்டார். அவர் மேய்ச்சலுக்குக் கேட்டிருந்த அளவில் 640 என்பது கால்பங்கு. அப்போதும் எல்லை சதுரமாகத்தான் போடப்பட்டது.