சர்வருக்கு லினக்ஸா, விண்டோஸா?

கீழமாசி வீதியில உங்க மாமா பலசரக்கு மொத்தக்கடை வச்சிருக்கார்னு வைங்க. "நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, கடைக்கு ஒரு சர்வர் போட்டுக் குடு மாப்ள"ங்கிறார். உடனே 'லினக்ஸ்தான் மாமா, ஓசி!'னு குதிச்சுடாதீங்க.

கடைக் கணக்கு ஓடுறது டேலியிலயா? அது விண்டோஸுக்குன்னே எழுதினது. அப்போ பேச்சே இல்ல, விண்டோஸ்தான். விண்டோஸ் சர்வர் வாங்கினா, அதுல இணையுற ஒவ்வொரு ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ தனி லைசென்ஸும் வேணும். மாமாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, பில்லைப் பார்த்து மயங்கிடப் போறார்!

பில்லிங் பிரவுசர்லயே ஓடுதுன்னா லினக்ஸ் தாராளம். தமிழக அரசின் எல்காட் நிறுவனமே 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, சூசே லினக்ஸுக்கு மாறுச்சு.

ஆனா ஓசியிலயும் ஒரு சிக்கல் உண்டு. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்னு நம்பிப் பல கம்பெனிகள் அதைப் போட்டாங்க. 2020 டிசம்பர்ல ரெட் ஹேட், '2021 கடைசியோட சரி'ன்னு அறிவிச்சிடுச்சு. அப்புறம் என்ன, அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ்னு ஓட வேண்டியதாயிடுச்சு.

அதனால விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி, எந்த வருஷம் வரைக்கும் அப்டேட்னு கேளுங்க. அடுத்த கேள்வி: ராத்திரி 11 மணிக்கு சர்வர் படுத்துட்டா மதுரையில யார் வந்து பார்ப்பாங்க? ஆள் கிடைக்கலைன்னா மாமா போன் உங்களுக்குத்தான் வரும்!