விளையாட்டுக் கைக்கருவியும் அதன் பழுது நீக்கமும்

பொருளொன்று பழுதுற்றவிடத்து அதனை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குதல் இக்கால வழக்கமாயிற்று. பழுதின் காரணத்தை ஆராய்வார் சிலரே. வீடியோ விளையாட்டுகளை இயக்குதற்குக் கையிற் பிடிக்கப்படும் சிறு கருவி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்ரேசன் 4 இயந்திரத்தின் கைக்கருவியாகிய டுவல்சொக் 4 ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

இக்கருவியில் மிகுதியாகக் காணப்படும் குறைகள் இரண்டு. ஒன்று, பொத்தானை அழுத்தியும் பயன் விளையாமை. மற்றையது, கோலைத் தொடாதிருப்பவும் திரையிலுள்ள உருவம் தானே நகர்தல். இரண்டிற்குங் காரணம் வெவ்வேறாதலின் பரிகாரமும் வெவ்வேறாம்.

கருவியின் பின்புறத்துள்ள நான்கு திருகாணிகளையுங் கழற்றிப் பின்னோட்டை மெல்ல விலக்கவேண்டும். இரு பாதிகளையும் மெல்லிய நாடாக்கம்பியொன்று இணைப்பதால் விரைந்து இழுத்தல் தகாது. திறந்தவுடன் முதலிற் செய்யற்பாலது பற்றரியின் இணைப்பை நீக்குதலேயாம். அது இலிதியம் அயன் வகையினது, துளைபடின் தீப்பற்றவல்லது. ஆதலாற் கூரிய கருவிகொண்டு அதனை நெம்புதல் ஆகாது.

பொத்தான்களின் கீழ் இறப்பர்க் குமிழ்கள் உள. அவற்றின் அடியிலுள்ள காபன் வில்லை, கீழே விரிந்துள்ள மெல்லேட்டின் மின்தடத்தைத் தொட்டுச் சுற்றைப் பூர்த்தியாக்கும். வியர்வையுந் தூசும் படியின் அத்தொடர்பு அறும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்ந்த பஞ்சினால் மெல்லத் துடைத்து உலரவிடின் குறை நீங்குதல் கூடும். நீங்காதாயின், மெல்லேட்டை மின்சுற்றுப் பலகையோடு அழுத்தி நிற்கும் நுரைத்துண்டு நைந்து தட்டையாகியிருக்கலாம். ஒட்டுநாடாத் துண்டொன்றை மடித்து அதன் கீழ் வைப்பின் அழுத்தம் மீளும்.

கோலின் பழுது சற்று நுட்பமானது. கோலின் பக்கங்களில் இரு மாறுந்தடைகள் உள; ஒன்று இடவலமான அசைவையும் மற்றையது முன்பின்னான அசைவையும் அளக்கும். காபன் தடத்தின்மேல் உலோக நா ஒன்று உராய்ந்து செல்ல, அதன் நிலைக்கேற்ப மின்னழுத்தம் மாறும். கோல் நடுவே நிற்கையில் அது ஏறத்தாழப் பாதியாதல் வேண்டும். தடந் தேய்ந்தவிடத்து அவ்வளவு பிறழும். அப்பிறழ்ச்சியை இயந்திரம் அசைவெனக் கொள்ளும். அழுக்கினால் நேர்ந்த பிறழ்ச்சியாயின் துடைத்தல் போதும். தேய்ந்த காபனோ துடைப்பதால் மீளாது. கோற்றொகுதியையே மாற்றுதல் வேண்டும். அதனைப் பலகையிற் பிணைக்கும் 14 பற்றாசுப் புள்ளிகளையும் உருக்கி எடுத்தற்குப் பயிற்சி இன்றியமையாதது. பழகாத கை பலகையின் மின்தடத்தையே பெயர்த்துவிடும்.

உராய்வே தேய்விற்கு மூலமாதலின், உராய்வின்றி அளத்தலே நிலையான பரிகாரமாகும். 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவின்படி, காந்தப்புலத்தின் மாற்றம் மின்னழுத்த மாற்றமாகப் புலப்படும். இவ்விளைவைப் பயன்படுத்திய கோல், 1998ஆம் ஆண்டில் சேகா நிறுவனம் வெளியிட்ட டிரீம்காஸ்ற் இயந்திரத்தின் கைக்கருவியிலேயே அமைந்திருந்தது. பழைய தொகுதிக்குப் பதிலாகப் பொருத்தத்தக்க அத்தகைய கோல்கள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன.

கருவி முழுவதுங் கெட்டதென்று கருதப்படுமிடத்துக் கெட்டது சிறிதளவு காபனாகவே இருத்தல் கூடும். பாடநூலில் மாறுந்தடையைப் பயின்ற மாணவன் அதனைத் தன் கையிலுள்ள கருவியிற் கண்டு திருத்துவானாயின், பணம் மிஞ்சுவதோடு கற்ற கல்வியும் பயன்பட்டதாகும்.