கூரைக் கம்பியும் புதுப் பெட்டியும்

மாதக் கட்டணம் எதுவுமின்றி, கூரைமேல் நாட்டிய அன்ரெனாவைக் கொண்டே தொலைக்காட்சி காணும் குடும்பங்கள் அமெரிக்காவில் இன்றும் பல உள. செல்வம் கொழிக்கும் அத்தேசத்திலும் கேபிளுக்குப் பணங்கட்ட இயலாதார் இருக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2009ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி இவர்களுடைய வீடுகளில் ஒரு பெரிய மாறுதல் புகுந்தது. முழுவலுவுடைய நிலையங்களின் வழக்கமான அனலொக் ஒளிபரப்பு அன்றுடன் முடிந்தது. டிஜிற்றல் ஒளிபரப்பே எஞ்சியது.

பழைய பெட்டிக்குப் புதிய அலை விளங்காது. டிஜிற்றல் ரியூனர் அடங்கிய சிறு மாற்றுப்பெட்டி ஒன்றை அதனுடன் இணைத்தல் வேண்டும். அதனை வாங்குதற்கு அரசாங்கம் வீட்டுக்கு இரண்டு கூப்பன்கள் வழங்கியது. ஒவ்வொன்றும் 40 டொலர் பெறுமதி. 90 நாட்களுள் பயன்படுத்தாவிடின் அவை செல்லாமற் போகும். முதலிற் குறித்த நாள் பெப்ரவரி 17. ஆனால் ஜனவரியிலேயே ஒதுக்கிய பணம் தீர்ந்து, கூப்பன் கேட்டோர் காத்திருக்க நேர்ந்தது. எனவே காங்கிரஸ் சபை கூடி நாளைத் தள்ளிவைத்தது. ஏழையின் பெட்டி இருண்டுவிடலாகாதென ஒரு சட்டசபை கவலைப்பட்டது நமக்கு வியப்பையே தருகின்றது. ஆயினும் ஒன்று: இம்மாற்றத்தால் விடுபட்ட அலைவரிசைகளை 2008இல் ஏலமிட்டு அவ்வரசு பெற்ற தொகை ஏறத்தாழ 1,900 கோடி டொலர்! அதன் முன் கூப்பனைப் பெருங்கொடை என்று நாம் புகழமாட்டோம்.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியதொன்று உண்டு. பழைய முறையில் அலை மெலிந்தால் திரையிற் புள்ளிகள் மொய்க்கும். உருவங்கள் இரட்டையாய் ஆடும். ஆயினும் புயல் எச்சரிக்கை காதில் விழும். புதிய முறையிலோ படம் தெளிவாக வரும். அலை ஓரளவுக்குக் கீழே குறைந்தாற் கட்டங்கட்டமாகச் சிதறி மறைந்துவிடும். நிலையத்துக்குத் தொலைவிலும் மலைமறைவிலும் வாழ்ந்தோர் சிலர் மங்கலாகவேனும் கண்டுவந்ததை இழந்தது இதனாலேயே. அலை நன்றாய் எட்டும் ஊராருக்கோ, ஒரு நிலையத்தின் அலைவரிசையிலேயே பல நிகழ்ச்சி வரிசைகள் கிடைத்தன.

‘டிஜிற்றல் அன்ரெனா’ என்று கடைகளில் விற்பதைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. உலோகக் கம்பிக்கு அனலொக்கும் டிஜிற்றலும் ஒன்றே. அலைவரிசைக்கு ஏற்ற அளவினதாயின், தந்தை நாட்டிய கம்பியே மகனுக்கும் போதும். அதனை உயர்த்தி, ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திருப்பியபின், நிலையங்களைத் தேடும்படி ரியூனரை ஏவவேண்டும். 2009இல் மாறிய அன்று பல நிலையங்கள் தம் அலைவரிசையையும் மாற்றிக்கொண்டன. மாற்றுப்பெட்டி வாங்கியும் சில வீடுகளில் நேற்று வந்த நிலையம் இன்று வராமற் போனது அதனாலேதான். மறுபடி தேடச் செய்ததும் அது வந்தது.